குணமாக்கியது யார்?

எங்கள் களமருதூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் மொண்டால் அதில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் இருக்கும். கரும்புத் தோட்டத்து மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதனை ஒன்றும் செய்யாதவை. பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, அதன் உடலையே பட்டறையாக்கித் தன் இனத்தைப் பெருக்கி, கடைசியில் அதை வெடிக்கச் செய்து வெளியேறும் வைரஸ்கள் இவை. பாக்டீரியோஃபேஜ் என்பது முழுப்பெயர். ஃபேஜ் என்றே சொல்வோம்.

நன்றாக ஆராயப்பட்ட டி4 என்ற ஃபேஜை எடுத்துக்கொள்ளலாம். தலையும் வாலும் சேர்த்து 200 நானோமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டருக்குள் 5,000 டி4-களை வரிசையாக நிறுத்திவிடலாம். நம் உடல் வெப்பத்தில் ஒரு ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நுழைந்தால், அரை மணி நேரத்துக்குள் நூறு, இருநூறு குட்டிகளோடு வெளியே வந்துவிடும். ஈ.கோலையின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறுகளை அதன் வால் நுனி பற்றினால்தான் இது நடக்கும். மனித செல்லில் அந்தப் பிடிமானம் கிடையாது. ஆகவே ஃபேஜ் நமக்குத் தொற்றாது.

ஃபேஜைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தொற்றாது, அதனால் பாதுகாப்பானது, அதனால் மருந்தாகலாம் என்று அடுக்கிக்கொண்டு போகிறார்கள். நம் நோயெதிர்ப்பு மண்டலமோ 'இது எனக்குத் தொற்றுமா' என்று விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. வெளியிலிருந்து வந்த புரதம், வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ, இவ்வளவு போதும் அதற்கு. ஆகவே ஃபேஜுக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கும் சண்டையில் மூன்றாவது ஆளாக நம் உடல் எப்போதும் நிற்கிறது. நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரங்களில் இந்த மூன்றாவது ஆளின் கையில்தான் இருக்கிறது.

ஃபேஜைக் கண்டவர்கள் இருவர். 1915-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ட்வோர்ட். அவரைச் சாராமல், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து ஃபெலிக்ஸ் டெரெல். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களைச் சீதபேதி வாட்டிக்கொண்டிருந்த காலம். நோயாளிகளின் மலத்தை நாள்தோறும் வடிகட்டிச் சோதித்த டெரெல் ஒன்றைக் கவனித்தார். நோய் முற்றியிருக்கும் நாட்களில் மலத்தில் ஃபேஜ் தென்படாது. திடீரென்று ஒரு நாள் பெருகும். அந்த நாளிலிருந்து நோயாளி தேறத் தொடங்குவார். இதிலிருந்து அவர் எடுத்த முடிவு அந்தக் கால மருத்துவத்தையே எதிர்த்து நின்றது. நோயிலிருந்து மீட்பது இரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளும் அல்ல, வெள்ளையணுக்களும் அல்ல, ஃபேஜ்தான் என்றார். நோய் தொற்றுவதைப் போலவே குணமும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்றும் சொன்னார். இரத்தத்தின் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்து 1919-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ஜூல்ஸ் போர்டே இதைக் கடுமையாக மறுத்தார். ஃபேஜ் ஓர் உயிரி என்பதையே அவர் ஏற்கவில்லை.

இந்த வாதத்தைச் சோதிக்க டெரெல் வந்த இடம் இந்தியா. 1927-இல் காலராவை ஆராய அழைக்கப்பட்டு, மலோன், லாகிரி என்ற ஆய்வாளர்களுடன் கல்கத்தாவிலும் பஞ்சாபிலும் வேலை செய்தார். காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் திரவத்தைக் குடிக்கக் கொடுத்தார். பஞ்சாபின் சில கிராமங்களில் குடிநீர்க் கிணறுகளிலேயே ஃபேஜைக் கலக்கச் செய்தார். தேறிய நோயாளி ஒருவர் ஊர்க் கிணற்றில் ஃபேஜைச் சேர்த்துவிட்டால் அந்த ஊரில் கொள்ளைநோய் ஓயும் என்ற தன் கருத்தை இப்படிச் சோதித்துப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து 1930-களின் நடுப்பகுதி வரை அசாமில் மோரிசன் என்பவர் இதைப் பெரிய அளவில் நடத்தினார். நவ்காங் பகுதிக்கு ஃபேஜ் வழங்கி, ஹபிகஞ்சை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார். ஃபேஜ் கிடைத்த இடத்தில் காலரா குறைந்தது. ஆனால் காலரா ஓர் ஆண்டு வெறியாட்டம் ஆடும், மறு ஆண்டு தானாகவே அடங்கும். இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு எது எதனால் என்று அறுதியிட முடியவில்லை. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, காலராவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வந்தது, ஃபேஜ் மறக்கப்பட்டது.

டெரெல் கண்ணால் கண்டது பொய்யில்லை. 2005-இல் ஷா ஃபரூக்கும் அவரது குழுவினரும் டாக்காவில் ஒரு காலரா பருவத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்ததை வெளியிட்டார்கள். நீர்நிலைகளிலும் நோயாளிகளின் மலத்திலும் காலரா ஃபேஜ்கள் பெருகப் பெருக, நோய் இறங்கியது. ஃபேஜ் கொள்ளைநோயின் போக்கை மாற்றும் சக்தி உடையதுதான். ஆனால் எதிர்ப்பொருளுக்கும் வெள்ளையணுவுக்கும் அதில் பங்கில்லை என்று டெரெல் சொன்னது நிற்கவில்லை. இது அது என்று இரண்டாகப் பிரித்ததில்தான் அவர் வழுக்கினார்.

ஃபேஜும் நம் எதிர்ப்பாற்றலும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1992 அக்டோபரில் மதராஸில் காலரா கிளம்பியது. அறிகுறிகள் எல்லாம் காலராவுக்குரியவை. கிருமியும் விப்ரியோ காலரேதான். ஆனால் உலகக் கொள்ளைநோய்களை உண்டாக்கிவந்த ஓ1 வகையை அடையாளம் காட்டும் சீரத்துக்கு அது மசியவில்லை. அதுவரை பட்டியலிட்டிருந்த 138 வகைகளில் எதற்கும் பொருந்தவில்லை. 139-ஆவது வகையாக, ஓ139 பெங்கால் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் வங்கக் கடற்கரையோரமாகவே ஏறி, கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. காலரா அடிக்கடி வரும் வட்டாரங்களில் பெரியவர்களுக்கு ஓ1-க்கு எதிரான பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. அங்கெல்லாம் குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். இந்த முறை பெரியவர்களும் சாரிசாரியாக விழுந்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் அடையாளம் வைத்திருந்தது கிருமியின் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை. புதிய கிருமி அந்தப் போர்வையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

அதே சர்க்கரைச் சங்கிலி காலரா ஃபேஜுக்கும் பிடிமானம். கிம்பர்லி சீடும் அவரது குழுவினரும் 2012-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வங்கதேசத்து நோயாளிகளின் மலத்தில் அடிக்கடி காணப்படும் ஐசிபி1 என்ற ஃபேஜ், ஓ1 சங்கிலியைப் பற்றித்தான் உள்ளே நுழைகிறது. நம் எதிர்ப்பொருள் கைவைக்கும் அதே இடத்தில் ஃபேஜும் கைவைக்கிறது. ஃபேஜிடமிருந்து தப்ப, கிருமி அந்தச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிடலாம். சில கிருமிகள் போடுகின்றன. ஆனால் அது இல்லாத கிருமியால் குடலில் சரியாகக் குடியேற முடிவதில்லை. ஃபேஜுக்கு அஞ்சி எடுத்த முடிவு, உடலிடம் தோற்க வைக்கிறது. உடலுக்கும் ஃபேஜுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் கிருமிக்கு ஓடும் வழி இரண்டு பக்கமும் அடைபடுகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. காலராவைக் காலராவாக்கும் நஞ்சின் மரபணுவே ஒரு ஃபேஜ் கொண்டுவந்து வைத்ததுதான். 1996-இல் வால்டாரும் மெக்கலானோஸும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஃபேஜ் என்றாலே நண்பன் என்று எழுதிவிட முடியாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இனி உடலுக்குள் போவோம். வாயில் தொடங்கிக் குடல் முழுக்க, செல்களின் மேல் கோழைப்படலம் ஒன்று படிந்திருக்கிறது. கிருமிகள் செல்லை நெருங்காமல் தடுப்பது அதன் வேலை. சான் டியேகோவில் ஜெரமி பாரும் ஃபாரஸ்ட் ரோவரும் 2013-இல் இந்தப் படலத்தில் ஃபேஜ்களை எண்ணிப் பார்த்தார்கள். பவளம், மீன் முதல் மனிதன் வரை, கோழையில் பாக்டீரியாவுக்கு ஃபேஜ் என்ற விகிதம் பக்கத்துச் சூழலைவிட நான்கு மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது டி4-இன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாக் என்ற புரதம் கண்ணில் பட்டது. அது கோழையின் சர்க்கரைகளில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. வியப்பு அதன் மடிப்பில் இருக்கிறது: நம் எதிர்ப்பொருள்கள் எந்த மடிப்பில் கட்டப்பட்டிருக்கின்றனவோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த மடிப்பு அது. ஆய்வகத்தில் கோழை சுரக்கும் செல்களின் மேல் இந்த ஃபேஜைப் பூசிவிட்டு ஈ.கோலையை விட்டபோது, செல்கள் பிழைத்தன. கோழை சுரக்காத செல்களுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. நாம் இரவல் வாங்கிய எதிர்ப்பாற்றல் என்றே இதைச் சொல்வேன். டெரெல் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஃபேஜ்கள் கோழையோடு நின்றுவிடுவதுமில்லை. 2017-இல் பாரின் குழுவினர், குடற்செல்கள் ஃபேஜ்களை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் விடுவதைக் காட்டினார்கள். ஆய்வகச் செல்களில் அளந்ததை மனித உடலுக்குப் பெருக்கிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 3,100 கோடி ஃபேஜ்கள் குடலைக் கடந்து உடலுக்குள் போகக்கூடும் என்று கணக்கு வந்தது. தோராயமான கணக்குத்தான். என்றாலும் நம் இரத்தம் ஃபேஜைப் பார்த்தே இராதது என்று இனி யாரும் நினைக்க முடியாது. ஃபேஜ் மருந்து எதுவும் எடுக்காத ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் டி4 புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைப் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்து ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இரத்தத்துக்குள் வந்த ஃபேஜை முதலில் பிடிப்பவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் உட்கார்ந்திருக்கும் பெருவிழுங்கு செல்கள். எதிர்ப்பொருள் உருவாவதற்கு முன்பே, மணிக்கணக்கில், இவை பெரும்பகுதியைத் துடைத்துவிடும். அமெரிக்காவில் கார்ல் மெரில் 1970-களில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஃபேஜ் செலுத்தி இதைக் கண்டார். ஃபேஜ் மருந்தின் பழைய தோல்விகளில் சில இதனால்தான் என்று அவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் அவரை விடவில்லை. 1996-இல் அவருடைய குழு எலியின் உடம்பையே சல்லடையாக்கியது. ஃபேஜைச் செலுத்துவது, சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் மிஞ்சியதை எடுத்துப் பெருக்குவது, மறுபடி செலுத்துவது என்று திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் கிடைத்த, லாம்டா என்ற வகை ஃபேஜ், தன் மூதாதையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இரத்தத்தில் தங்கியது. மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஃபேஜ், நோயுற்ற எலிகளையும் பழையதைவிட நன்றாகக் காப்பாற்றியது.

அடுத்து வருவது எதிர்ப்பொருள். இதற்கு நாட்கள் ஆகும். ஃபேஜ் மனிதனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் எதிர்ப்பொருளைக் கிளப்பிவிடும் என்ற இந்த இரட்டைக் குணத்தை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பயன்படுத்திவருகிறார்கள். சியாட்டிலில் ஹான்ஸ் ஆக்ஸ், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கு ஃபை எக்ஸ்174 என்ற சிறிய ஃபேஜை இரத்தக்குழாயில் செலுத்தி, உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று அளந்தார். நலமான உடல் சில நாட்களில் அதை இரத்தத்திலிருந்து நீக்கிவிடும். முதல் ஊசிக்கு ஒரு வகை எதிர்ப்பொருள், இரண்டாம் ஊசிக்கு அதைவிட வலுவான இன்னொரு வகை என்று படிப்படியாக ஏறும். எதிர்ப்பொருள் செய்யத் தெரியாத உடலில் ஃபேஜ் அதைவிட நெடுநாள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்றம் ஒரு நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை இரண்டு பேரின் கதை சொல்லும். முதலாவது, லண்டனில் இரு நுரையீரல்களும் மாற்றப்பட்ட 15 வயதுச் சிறுமி. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை எடுத்துவந்தாள். மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்ற, எந்த மருந்துக்கும் மசியாத கிருமி உடலெங்கும் பரவியிருந்தது. பிட்ஸ்பர்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் தேடித்தந்த மூன்று ஃபேஜ்களின் கலவை அவளைத் தேற்றியது; 2019-இல் வெளியான அந்த அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. ஃபேஜை முடக்கும் எதிர்ப்பொருள் அவளிடம் உருவாகவில்லை. இரண்டாமவர், அதே கிருமி நுரையீரலில் இருந்த 81 வயதுக்காரர். எதிர்ப்பாற்றல் குறையாதவர். அதே மூன்று ஃபேஜ்கள். முதல் மாதத்தில் கிருமி குறைந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் மூன்றையும் முடக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் நிறைந்துவிட்டன, கிருமி திரும்பியது. 2021-இல் இதை வெளியிட்டார்கள். உடம்பு திடமாக இருந்ததே அவருக்குத் தடையாகிப்போனது.

அப்படியானால் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குத்தான் ஃபேஜ் பலிக்குமா? இல்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லோரான் டெபார்பியூவின் குழுவினர், நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்றிய எலிகளுக்கு ஃபேஜ் கொடுத்தார்கள். நலமான எலிகள் பிழைத்தன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை நீக்கிவிட்ட எலிகளுக்கும் அதே ஃபேஜை அதே அளவில் கொடுத்தார்கள், அவை பிழைக்கவில்லை. ஃபேஜ் எவ்வளவு கொன்றாலும், அதற்குப் பிடிகொடுக்காத கிருமிகள் சில எப்போதும் இருக்கும். களைக்கொல்லி தெளித்த வயலில் தப்பி நிற்கும் களையை ஆள் இறங்கிப் பிடுங்குவதுபோல, மிச்சத்தை எடுப்பது நியூட்ரோஃபில். ஆள் இறங்காவிட்டால் தப்பிய களை வயலை மூடிவிடும். 2017-இல் வந்த இந்த முடிவு, டெரெல்–போர்டே வழக்குக்கு நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த தீர்ப்பு என்பது என் எண்ணம்.

கிருமியின் பக்கம் நிற்கும் ஃபேஜும் உண்டு. சூடோமோனாஸுக்குள் தங்கி, அதைக் கொல்லாமல் கசிந்துகொண்டே இருக்கும் பிஎஃப் என்ற ஃபேஜை ஸ்டான்ஃபோர்டில் பால் போலிக்கியின் குழுவினர் 2019-இல் ஆராய்ந்தார்கள். காயத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் அதை விழுங்குகின்றன. உள்ளே போனதும் 'வைரஸ் தாக்குதல்' என்ற எச்சரிக்கை அடிக்கிறது. செல் வைரஸ் எதிர்ப்புக்குத் திரும்பிவிடுகிறது. பாக்டீரியாவை விழுங்கும் வேலை தளர்கிறது. கிருமிக்கு வேண்டியதும் அதுதான்.

இதையெல்லாம் நான் களமருதூரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதக் காரணம் உண்டு. எங்கள் வட்டாரத்தில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் காலில் ஒரு முள், ஒரு கரும்புக் கட்டை கீறினாலும் புண் ஆறாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. கட்டுக் கட்டி, ஊசி போட்டு, மருந்து மாற்றி, கடைசியில் விரலை எடுக்கிறார்கள், பாதத்தை எடுக்கிறார்கள். அந்தப் புண்களில் இருப்பவை சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, மருந்துக்குப் பழகிவிட்ட கிருமிகள். ஃபேஜ் மிகவும் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது நியூட்ரோஃபில் மந்தமாவதும் இவர்களுக்குத்தான். ஆகவே ஃபேஜை மட்டும் ஊற்றி, சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால், மிச்சத்தை எடுக்க ஆள் வராது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் கோபால் நாத்தின் குழுவினர் ஆறாத புண் உள்ள 20 பேருக்குப் புண்ணின் மேலேயே ஃபேஜ் வைத்து 2019-இல் நல்ல பலனை எழுதியிருக்கிறார்கள். மேலே வைப்பதில் ஒரு நயம் இருக்கிறது: மண்ணீரலும் கல்லீரலும் குறுக்கே வருவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலை வேலூரில் நடக்கிறது. விஐடி பல்கலைக்கழகத்தில் ரமேஷ் நாச்சிமுத்துவின் ஆய்வகம், மருந்துக்கு மசியாத ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் கிருமிகளுக்கு எதிரான ஃபேஜ்களைத் தனித்தெடுத்து, 2019-இல் பிரசாந்த் மனோகருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் மெழுகுப்பூச்சிப் புழுக்களில் சோதித்திருக்கிறது. தொற்றிய புழுக்களை ஃபேஜ் காப்பாற்றியது. புழுவுக்கு விழுங்கும் அணுக்கள் உண்டு, எதிர்ப்பொருள் கிடையாது. மனிதனுக்கு வரும்போது அந்த இரண்டாம் பாதியையும் சோதித்தாக வேண்டும்.

சோதிப்பது கடினமும் அல்ல. ஃபேஜைத் தேடும் முறையே அதற்கும் போதும். சாக்கடைத் தண்ணீரைச் சுழற்றித் தெளிய வைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுவார்கள். பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் இறங்கிவிடும். நோயாளியின் கிருமியோடு சேர்த்து, கைச்சூடு பொறுக்கும் இளகிய அகரில் கலந்து தட்டில் ஊற்றுவார்கள். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாக மூடியிருக்கும். நடுநடுவே ஊசி குத்திய அளவில் தெளிந்த வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபேஜில் தொடங்கியது. எதிர்ப்பொருளைப் பார்க்க, ஃபேஜை நோயாளியின் சீரத்தோடு சிறிது நேரம் கலந்து வைத்துவிட்டு இதே தட்டில் ஊற்றினால் ஆயிற்று. ஆயிரம் வட்டம் வர வேண்டிய இடத்தில் பத்து வந்தால், அந்த உடலில் அந்த ஃபேஜ் இனி நிற்காது. வேறு ஃபேஜுக்கு மாற வேண்டும், அல்லது இரத்தக்குழாயை விட்டுப் புண்ணுக்குப் போக வேண்டும். கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வசதி உள்ள எந்த மருத்துவக் கல்லூரியிலும், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலும்கூட, இதைச் செய்யலாம். ஃபேஜ் சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒரு முறை, பிறகு வாரந்தோறும் ஒரு முறை, ஐந்து மில்லி இரத்தம் எடுத்தால் போதும்.